பச்சைப் பொட்டு விழுந்த மரங்கள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது நடுரோட்டில். அமெரிக்காவின் ஒஹையோவில், கொலம்பஸுக்கு வெளியே நெடுஞ்சாலையின் நடுவே மீடியன், அதாவது தடுப்புத் திட்டு, கட்டும் வேலை. முட்டி போட்டு அதன் விளிம்பில் கான்கிரீட்டை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். ஓரத்து ஐஸ்கிரீம் கடையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து, ஓடும் கார்களுக்கு மேலாகக் கத்தினாள்.

"அதை எங்க கட்டுறேன்னு தெரியுதாய்யா? என் தொண்டையில!"

நான் கையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

முதல் வரியாக இதை எழுதியிருந்தேன்: "நகரம் மெல்ல மெல்ல விரிந்துகொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில்"

அடித்துவிட்டேன். மெல்ல எங்கே விரிந்தது? மெத்தைக் கடை, கார் கழுவுமிடம், இன்னொரு மெத்தைக் கடை என்று லாரியிலிருந்து கவிழ்த்த மாதிரி விழுந்தது.

2

அவள் பெயர் ரோவீனா பிக்ஸ்லர். கடை இருப்பது நகரத்துக்குள் போகிறவர்களின் பக்கம். அவர்கள் காலையில் போகிறார்கள். காலையில் எவன் ஐஸ்கிரீம் தின்கிறான்? அவள் பிழைப்பெல்லாம் மாலையில், எதிர்ப்பக்கமாக வீடு திரும்புகிறவர்கள் சாலையைக் குறுக்கே கடந்து உள்ளே வருவதில் இருந்தது. அந்தத் திருப்பம்தான் கடை. மீதியெல்லாம் பாலும் சர்க்கரையும்.

3

வேலை தொடங்குவதற்கு முன்பே, சாலையைச் சீராக்கப் போவதாகச் சொல்லி, பள்ளிக்கூடத்து விளையாட்டுக்கூடத்தில் மக்களைக் கூட்டினார்கள். கூட்டம் என்றால் பேச்சு கிடையாது. சட்டகங்களில் வரப்போகும் சாலையின் படங்கள், வாசலில் ஆளுக்குக் கொஞ்சம் ஸ்டிக்கர் பொட்டு. பிடித்ததில் பச்சை, பிடிக்காததில் சிவப்பு. மக்களாட்சி நெற்றியில் வைக்கிற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

படங்களில் எல்லாரும் நடந்தார்கள். ஒரு குழந்தை பலூன் வைத்திருந்தது. எங்கள் சாலையில் ஒருவன் நடந்து போனால் அவன் வண்டி எங்கோ பஞ்சர் என்று அர்த்தம்.

திட்ட அலுவலகத்து இளைஞன் கோல்பி கழுத்தில் அட்டையோடு நின்றான்.

"எது புடிச்சிருக்கோ அதுல ஒட்டுங்க மேடம். சரி, தப்புன்னு எதுவும் இல்ல."

"மரமெல்லாம் ஜோரா இருக்கு கண்ணு. என்ன மரம்?"

"அது... படத்துல போடுற மரம் மேடம்."

ரோவீனா சிரித்துக்கொண்டே பச்சைப் பொட்டை எடுத்து மரத்தில் கட்டைவிரலால் அழுத்தினாள். அதுதான் முதல் பொட்டு. அவள் கடைக்குத் தினமும் வரும் டெல்பர்ட் பின்னால் நின்றான். "அவளே ஒட்டிட்டா, எனக்கென்ன?" என்று அவனும் ஒட்டினான். வரிசை முழுக்க ஒட்டியது.

மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்த படம். தழை தெரியும். அதற்கடியில், அவள் திருப்பத்தை அடைத்து நின்ற மீடியன் தெரியாது.

(இந்த இடத்தில் கோல்பியைத் திருடனாக்கிவிட்டால் எனக்கு வேலை மிச்சம். "உதட்டோரம் ஒரு விஷமச் சிரிப்புடன் கோல்பி" என்று எழுதியும் பார்த்தேன். இல்லை, அவன் பிஸ்கட் தட்டைத்தான் நேராக்கிக்கொண்டிருந்தான். அந்த மரங்களை உண்மையாகவே நம்பினான். அதுதான் வயிற்றெரிச்சல்.)

4

மீடியன் வரும் இடத்தில் பெயின்ட்டால் கோடு போட்ட அன்று அவள் அலுவலகத்துக்கே போனாள்.

"வீட்டுக்குப் போறவங்க என் கடைக்கு எப்படிப்பா திரும்புவாங்க?"

"அடுத்த சிக்னல் வரை போய், யூ-டர்ன் அடிச்சு வரலாம் மேடம். அதுதான் பாதுகாப்பு."

"ஒரு ஐஸ்கிரீமுக்கா? நீ வருவியா?"

"எனக்குப் பால் ஒத்துக்காது மேடம்."

"ஒத்துக்கிறவங்களைக் கேட்டீங்களா?"

"கேட்டோமே!" கோல்பி உள்ளே போய் அந்தப் படத்தையே தூக்கி வந்தான். "வேற எந்தப் படத்துக்கும் இவ்வளவு பச்சை விழல."

அவள் தன் பொட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை. அந்தத் திட்டத்திலேயே உறுதியாக இருந்தது பசை ஒன்றுதான்.

மாலை டெல்பர்ட்டைப் பிடித்துக்கொண்டாள். "உன் பொட்டும் அதுல இருக்கு. சுத்திக்கிட்டு வருவேல்ல?"

"வராம எங்க போவேன், ரோவீனா?"

மீடியன் எழுந்த பிறகு இரண்டு நாள் சுற்றி வந்தான். மூன்றாம் நாள் எதிர்ப்பக்கத்திலிருந்தே பாசமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனான். அவனைப் பார்த்து மற்றவர்களும் பழகிக்கொண்டார்கள். இப்போது மாலையானால் ஒரே ஹாரன். கல்லாவில் ஈ.

5

முடிவு ஒன்று: ஊரே திரண்டு வேலையைத் தடுத்து... (எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு இரண்டு: ரோவீனா கடப்பாரையோடு நடுரோட்டில் இறங்கி, ஓங்கி

வேண்டாம். அவளுக்கு முழங்கால் வலி. தவிர, கான்கிரீட் போட்டது நான். அவ்வளவு லேசில் பெயராது.

நடந்தது இவ்வளவுதான்: மரம் நடவில்லை. மரம் நின்றால் ஓட்டுகிறவர்களுக்குப் பார்வை மறைக்குமாம். ஜல்லியைக் கொட்டி நிரப்பச் சொன்னார்கள். கொட்டினோம்.

6

மீதி உங்கள் கையில். மாலை. வீட்டுக்குப் போகிறீர்கள். இடப்பக்கம், ஜல்லித் திட்டுக்கு அப்பால், ஐஸ்கிரீம் விளக்கு எரிகிறது. ஜன்னலில் அவள் நிற்கிறாள். உங்கள் வண்டியை அவளுக்கு அடையாளம் தெரியும். சிக்னல் இன்னும் தூரம். உங்களுக்கோ அசதி.

நீங்கள் கல்நெஞ்சக்காரர் இல்லை. அது எனக்குத் தெரியும்.

ஹாரன் அடிப்பீர்கள்.