மூன்றாவது கோலுக்கு ஒரு தொப்பி

ஐஸ் ஹாக்கியில் ஒரே ஆட்டக்காரர் மூன்று கோல் அடித்துவிட்டால் பார்க்க வந்தவர்கள் தங்கள் தொப்பிகளைப் பனித்தளத்தில் எறிவார்கள். அதற்குத் தண்டனை இல்லை. வேறு எதற்காக எதை எறிந்தாலும் உள்ளூர் அணி இரண்டு நிமிடம் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். பர்ன்ட் லேக் ஊரில் இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஐலி கொஸ்கெலாவுக்குத் தெரியாமல் இருக்குமா?

அவளுக்குப் பதினேழு வயது. மூன்று வருடமாக ஓர் ஆட்டத்தையும் விட்டதில்லை. ஒருமுறை காய்ச்சலோடு வந்து உட்கார்ந்து, எதிரணியின் கோல்கீப்பரைத் தொண்டை கட்டும்வரை திட்டினாள். அன்று அரையிறுதியின் கடைசி ஆட்டம். தோற்றால் அந்த வருடம் அத்தோடு சரி.

முதல் கோலை அடித்தது உள்ளூர் அணியின் கோத்தியே என்றது ஒலிபெருக்கி. வலைக்கு முன்னால், பந்துக்குப் பதிலாக ஆடும் வட்டு, அதே அணியின் ஹார்க்கினின் மட்டை நுனியில் பட்டுத் திரும்பியதைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஐலி பார்த்திருந்தாள். இடைவேளையில் நேரே கோல் கணக்கு எழுதும் மேசைக்குப் போனாள். அங்கே இருந்தவர் அவளுடைய வேதியியல் ஆசிரியை ஸ்ட்ரவுட்.

“அது ஹார்க்கின் கோல், டீச்சர். மட்டையில பட்டுச்சு.”

“உன் கண்ணுக்கு ஹார்க்கினைத் தவிர வேற யாராச்சும் தெரியுறாங்களாடி? நடுவர் சொன்னதைத்தான் எழுதுவேன். போய் உக்காரு. திங்கக்கிழமை பரீட்சை.”

திரும்பி வந்தபோது பக்கத்து இருக்கையில் ஒரு பெண். கோத்தியேயின் அம்மா. நான்கு மணி நேரம் பனியில் வண்டி ஓட்டி வந்திருந்தார். கோல் விழுந்த வட்டை யாரோ அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

“இந்த வருஷம் அவனுக்கு இதான் முதல் கோல். அவங்கப்பாவுக்கு அனுப்பணும், ஒரு போட்டோ எடுத்துக் குடும்மா.”

ஐலி எடுத்துக் கொடுத்தாள்.

அதன்பின் ஹார்க்கின் இரண்டு கோல் அடித்தான். இரண்டாவது விழுந்தபோது ஆட்டம் முடிய மூன்று நிமிடம். உள்ளூர் அணி நாலுக்கு மூன்று என்று முன்னால் இருந்தது. ஐலியின் மனம் மூன்று என்று எண்ணியது. கை அதைக் கேட்டு நடந்தது. வெள்ளைத் தளத்தின் நடுவில் அவளுடைய கம்பளித் தொப்பி மட்டும் தனியாகக் கிடந்தது.

“என்னடி பண்ணித் தொலைச்ச?” என்றாள் தோழி பிரான்வென்.

நடுவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கணக்கு மேசைக்குப் போனார். ஸ்ட்ரவுட் டீச்சர் ஏதோ சொல்ல, நடுவர் ஹார்க்கினைக் கூப்பிட்டார்.

“முதல் கோல் உன் மட்டையில பட்டுச்சா? பட்டிருந்தா சொல்லு, தண்டனை கிடையாது.”

ஹார்க்கின் கோத்தியேயைப் பார்த்தான். பிறகு கோத்தியேயின் அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான்.

“தெரியலைங்க. நான் கவனிக்கல.”

பொய் என்று ஐலிக்குத் தெரிந்தது. அந்தக் கோல் விழுந்ததும் அவன் மட்டையைத் தூக்கி, உடனே தாழ்த்தியதையும் அவள் பார்த்திருந்தாள்.

பார்வையாளரிடம் நடுவர் கேட்பது வழக்கமில்லை. ஆனால் இந்த நடுவர் மற்ற நாட்களில் ஐலி வீட்டுத் தெருவுக்குத் தபால் கொண்டுவருபவர். கண்ணாடித் தடுப்பின் இடுக்கருகே வந்து நின்றார். எதிரணி ஆட்டக்காரர்கள் தண்டனை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“நீதான் பார்த்தேன்னு டீச்சர் சொல்றாங்க. பட்டுச்சா, இல்லையா?”

“என்னம்மா கேக்குறாரு?” என்றார் கோத்தியேயின் அம்மா. வட்டு அவர் மடியில் இருந்தது.

“ஒண்ணுமில்ல ஆன்ட்டி.” ஐலி நடுவர் பக்கம் திரும்பினாள். “இல்லைங்க. நான் தப்பா எண்ணிட்டேன்.”

தண்டனை நேரத்தில் பத்து நொடி மீதமிருக்கும்போது எதிரணி சமன் செய்தது. கூடுதல் நேரத்தின் நாலாவது நிமிடத்தில் ஜெயித்தது.

வெளியே வந்ததும் பிரான்வென் கேட்டாள்: “மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதவளுக்கு எதுக்குடி ஹாக்கி?”

“அதானே,” என்றாள் ஐலி.

ஐலி வண்டிக் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டத் தொடங்கினாள். அது மார்ச் மாதம். அடுத்த ஆட்டம் அக்டோபரில்.