வியாழன் ஐந்து முதல் ஏழு வரை

என் மனைவி குன்வோர் இறந்த மூன்றாவது வாரம், வீட்டில் சுத்தமான படுக்கை விரிப்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் குடியிருப்பின் நிலவறையில் இருக்கும் பொதுச் சலவை அறைக்குத் துணி துவைக்க முதல்முறையாக இறங்கினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே வாரத்தில் ஒரு முறை உண்டு; வியாழக்கிழமை ஐந்து முதல் ஏழு வரை எங்கள் வீட்டு நேரம். பதினோரு வருடமாக அதை மாற்ற அவள் சம்மதித்ததே இல்லை. ஏழு மணிக்கு மேல் மூன்றாம் மாடி டோர்ஸ்டெனின் நேரம். அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சும்மா நினைக்கவில்லை. அவள் மேலே வர எப்போதும் ஏழரை ஆகும். ஒருநாள் இறங்கிப் போய்க் கதவிடுக்கில் பார்த்தேன். எங்கள் விரிப்பின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவனும் பிடித்து, பின்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். சுருக்கம் போக அப்படி இழுக்க இரண்டு பேர் வேண்டும். ஆரம்ப வருடங்களில் என்னைத்தான் கூப்பிட்டாள். முதுகுவலி என்று சொல்லிவிட்டேன். அன்று அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் மேலே வந்துவிட்டேன். கடைசிவரை கேட்கவும் இல்லை.

விரிப்புகளை மெஷினுக்குள் திணித்து, குமிழைத் தொண்ணூறு டிகிரியில் வைத்தேன். ஏழு மணிக்கும் அது ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தவர் நேரத்தில் நம் துணி ஓடுவதைவிடப் பெரிய குற்றம் ஸ்வீடனில், எங்கள் யேவ்லெ நகரத்தில் கிடையாது. கதவைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

டோர்ஸ்டென் கூடையோடு வந்து நின்றான்.

"அல்வர், பிடுங்கி எடுத்துடாதப்பா. தண்ணி வடிஞ்சு நின்னாத்தான் கதவு விடும்."

"தெரியும்."

"தெரிஞ்சவன் தொண்ணூறுல வைப்பானா? விரிப்புக்கு குன்வோர் அறுபதைத் தாண்டவே மாட்டாங்க."

என் வீட்டு விரிப்பின் சூடு அவனுக்குத் தெரிந்திருந்தது.

"வேற என்னவெல்லாம் தெரியும் உனக்கு?"

அவன் கூடையைக் கீழே வைத்தான். "என்ன கேக்குற நீ?"

"வாரா வாரம் அரைமணி நேரம். என்ன பண்ணீங்க?"

"விரிப்பு இழுத்தோம். உன்னோடது ரெண்டு, என்னோடது ரெண்டு." கொஞ்சம் தயங்கினான். "அப்புறம் அவங்க பாடுவாங்க."

"குன்வோரா? வீட்ல ஒருநாள்கூடப் பாடினதில்ல."

"என் சட்டைங்கள அரைமணி சலவையில போடுவேன். கடைசியில ஆயிரத்து நானூறு சுத்துல பிழியும் பாரு, அந்தச் சத்தத்துலதான் பாடுவாங்க. யாருக்கும் கேக்காதுன்னு நெனப்பு. எனக்குக் கேக்கும்."

அவள் கையைப் பிடித்தேன் என்று அவன் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். இதற்கு என்ன செய்வது?

"என்ன பாட்டு?"

"எனக்குப் பாட வராதுப்பா."

"பாடு."

சுவரைப் பார்த்தபடி முணுமுணுத்தான். நான் கேட்டிராத மெட்டு. பாதியில் மெஷின் பிழியத் தொடங்கியது, தரை அதிர்ந்தது, அவன் குரல் அதற்குள் முங்கிப்போனது.

"சத்தமாப் பாடுடா," என்று கத்தினேன். "முதல்லேர்ந்து."