கயிறு கட்டாத குளிர்காலம்

"அந்த வண்டிக்கு முன்னால இருக்கிற ரெண்டு சக்கரம் எதுக்கு, அழகுக்கா?"

தொமோயே அந்த மஞ்சள் வண்டியை முதன்முதலாக ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு முன்னால் நிறுத்திய அன்று, அண்ணன் யசுதாகா கேட்ட கேள்வி இது. 'நல்லா இருக்கே' என்று ஒரு வார்த்தை இல்லை. கொட்டகைக் கதவில் சாய்ந்து, கையிலிருந்த பீட்ரூட்டின் மண்ணைத் தட்டியபடி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். ரெண்டே ரெண்டு இருக்கை. துணிக் கூரை. குனிந்து பார்த்தால் அடிவயிறு தரையை முத்தமிட்டுவிடும் போல இருந்தது. இழுக்கிற சக்தியெல்லாம் பின்சக்கரம் இரண்டுக்கும்தான்.

"நம்ம பிஹோரோ ஊருல யாராவது இதை வாங்குவாங்களா? நவம்பர்ல பனி விழ ஆரம்பிச்சா மே மாசம் வரைக்கும் இது ஒரு பூந்தொட்டி. புரியுதா?"

தொமோயேவுக்குப் புரிந்தது. பதில்தான் வரவில்லை. அவளுக்குப் பதில் எப்போதும் மறுநாள், குளிக்கும்போது வரும்.

வேலிக்கு அந்தப் பக்கம் முள்ளங்கி அலசிக்கொண்டிருந்த முராகோஷி அக்காவுக்கு அந்தக் குறை கிடையாது.

"ஏம்ப்பா யசு, உன் லாரிக்கு நாலு சக்கரமும் இழுக்குதுன்னு ரொம்பத்தான் பீத்திக்காத. போன வருஷம் என் வேலியை இடிச்சது நாலு சக்கரமா, ரெண்டு சக்கரமா?"

"அது ஐஸ் அக்கா."

"ஐஸ்தான். ஐஸுக்கு உன் சக்கரத்தை எண்ணத் தெரியுமா?"

யசுதாகாவுக்குக் காது சிவந்துவிட்டது. அந்த ரோஷத்தில்தான் பந்தயம் பிறந்தது. பனிக்கு மாட்டுகிற குளிர்கால டயரைக் கழற்றுகிற நாள் வரைக்கும் தொமோயே இந்த வண்டியிலேயே வேலைக்குப் போய் வரட்டும். ஒரே ஒரு தடவை எங்காவது மாட்டிக்கொண்டு கயிறு கட்டி இழுக்க வேண்டி வந்தால், வண்டியை விற்றுவிட வேண்டும். கொட்டகையில் அது நிற்கிற பாதி அவனுக்கு.

"அவ ஜெயிச்சா?" என்றாள் முராகோஷி அக்கா.

"எங்க ஜெயிக்கப் போறா?"

"அப்ப சொல்றதுக்கு என்ன பயம்?"

"சரி, ஜெயிச்சா அவ பாதியில நான் நிறுத்தி வெச்சிருக்கிற பனி ஊதுற மெஷினை எடுத்துடறேன். அப்புறம் அந்த வண்டியைப் பத்தி வாயே திறக்க மாட்டேன். போதுமா?"

"தொமோ, நீ என்னம்மா சொல்ற?"

"சரி" என்றாள் தொமோயே. சொன்ன பிறகுதான் எதைப் பணயம் வைத்தோம் என்று உறைத்தது. மூன்று வருஷமாகச் சேர்த்து வாங்கிய வண்டி. அதில் உட்கார்ந்தால் மட்டும் அவள் வேறு ஆள். பள்ளி உணவுக்கூடத்தில் அண்டா அண்டாவாக மிசோ சூப் கிளறுகிற ஐந்து பெண்களில் அவள் குரலைக் கேட்டவர்களே குறைவு. வண்டிக்குள்ளோ, வாய்விட்டுச் சிரிப்பாள்.

பனி விழுந்ததும் ஊரே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது. டிக்கியில் மணல் மூட்டை இரண்டு போட்டுக்கொண்டாள். பின்பக்கம் கனம் இருந்தால்தான் சக்கரம் பனியைக் கவ்வும். இரவில் கை பிரேக் போடக் கூடாது, உறைந்துவிடும். கியரில் விட்டு நிறுத்த வேண்டும். வைப்பரை நிமிர்த்தி வைக்க வேண்டும். விடிகாலையில் பனி வாரும் லாரி போகிற போக்கில் வாசலில் ஒரு வரப்பு கட்டிவிட்டுப் போகும். மற்றவர்கள் அதன் மேலேயே ஏறிப் போவார்கள். அவள் வண்டி ஏறினால், வயிறு வரப்பில் உட்கார்ந்து நாலு சக்கரமும் காற்றில் தொங்கும். அதற்கு அங்கே 'ஆமை ஆவது' என்று பெயர். ஆமை ஆனால் கயிறுதான். அதனால் மற்றவர்கள் காபி போடுகிற நேரத்தில் அவள் மண்வாரியோடு வரப்பைப் பெயர்த்துக்கொண்டிருப்பாள். யசுதாகா ஜன்னல் வழியாகக் கயிற்றைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவான்.

ஆனால் சாலைக்கு வந்துவிட்டால்! இரண்டாவது கியரில், கிளட்ச்சைப் பூப்போல விட்டால் வண்டி வழுக்கிக்கொண்டே கிளம்பும். வளைவில் பின்பக்கம் மெல்ல விலகிப்போகும், குறும்புக்காரக் குழந்தை கையை உருவிக்கொண்டு ஓடுவது போல. பிரேக்கைத் தொடக் கூடாது. போக வேண்டிய இடத்தைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அது தானாக வந்து சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு தடவை அது வந்து சேரும்போதும் தொமோயே சிரித்தாள். ஜனவரியில் ஒரு நாள், காற்றே இல்லாமல் வெயில் கண்ணைப் பறித்தபோது, ஹீட்டரை முழுக்கத் திருப்பிக் கூரையையும் மடக்கிவிட்டாள். கம்பளித் தொப்பியோடு பள்ளியைக் கடந்து போனபோது மாடி ஜன்னல் முழுக்கக் குழந்தைகளின் முகம். மறுநாள் கூடத்தில் தலைமைச் சமையல்காரி கேட்டாள்: "நேத்து கூரை இல்லாம போன பைத்தியம் நீதானா?" தொமோயே கேரட்டை இன்னும் வேகமாக நறுக்கினாள்.

சாலையில் யாராவது ஒதுங்கி வழிவிட்டால் அபாய விளக்கை இரண்டு தடவை சிமிட்டிவிட்டுப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். 'நன்றிங்க' என்று அர்த்தம். வாயைத் திறக்காமல் நன்றி சொல்ல ஒரு வழி இருக்கிறதே என்று தொமோயேவுக்கு அதில் தனி சந்தோஷம். தேவையில்லாத இடத்தில்கூடச் சிமிட்டுவாள். யசுதாகா சிமிட்டியதே இல்லை. "வழி விட்டா போய்க்கிட்டே இருக்கணும். அதுக்கு ஒரு விளக்கா?" என்பான்.

இப்படியே மார்ச் வந்தது. தார் கறுப்பாக எட்டிப் பார்த்தது. ஊரில் எல்லோரும் வருஷா வருஷம் செய்கிற தப்பை அவளும் செய்தாள்: மார்ச் மாதத்தை நம்பினாள். உணவுக்கூடத்துப் பின்வாசலில் பனி உருகி ராத்திரியில் கண்ணாடியாக உறைந்திருந்தது. பால் பெட்டி தூக்கிக்கொண்டு வந்த தலைமைச் சமையல்காரி அதில் உட்கார்ந்த வாக்கில் சறுக்கிக் குப்பைத் தொட்டி வரை போய் நின்றாள். தொமோயே உடனே டிக்கியிலிருந்த மணல் மூட்டை இரண்டையும் கொண்டுவந்து அங்கே கொட்டிவிட்டாள். இனி எதற்கு மணல்?

அடுத்த வாரமே காற்று திரும்பியது. ஒகோட்ஸ்க் கடலிலிருந்து கிளம்பி, வயலில் கிடந்த பனியையெல்லாம் வாரி எடுத்து வந்தது. குழந்தைகளை மதியத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சமைத்த கறிச் சோறு அண்டாவிலேயே நின்றது. வழியில் கடையில் பால் வாங்க நிறுத்தினால், அங்கே யசுதாகா, ஆவி பறக்கும் இறைச்சி பன்னைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். அவனுடைய குட்டி லாரியில் விதை உருளைக்கிழங்கு மூட்டைகள் நாலு, மேலே கம்பளியும் தார்ப்பாயும் போர்த்தி.

"வீட்டுக்குத்தானே? போ, போ. நான் பின்னாலயே வர்றேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? கயிறு சீட்டுல ரெடியா உக்காந்திருக்கு. பெல்ட் கூடப் போட்டு விட்டிருக்கேன்."

கடைக்காரப் பையன் சிரித்துவிட்டான். தொமோயே பாலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். டிக்கியைத் திறந்து அந்த வெறுமையை ஒரு தடவை பார்த்துவிட்டு மூடினாள்.

நகரம் முடிந்ததும் உலகமும் முடிந்துவிட்டது. வானம், வயல், சாலை எல்லாம் ஒரே பாலாகக் கலந்துகிடந்தது. சாலையோரக் கம்பங்களில் தலைக்கு மேலே தொங்குகிற சிவப்பு வெள்ளை அம்புக்குறிகள் மட்டும், 'ஓரம் இங்கே, ஓரம் இங்கே' என்று ஒவ்வொன்றாக வெளிப்பட்டு மறைந்தன. தொமோயே அம்பைப் பார்த்து ஆமை வேகத்தில் போனாள். கண்ணாடியில் அண்ணனின் விளக்கு இரண்டும் முதுகில் மூச்சு விடுகிற தூரத்தில். அவன் ஹார்ன் அடித்தான். அவள் ஓரம் ஒதுங்கினாள். லாரி பனியை வாரி இறைத்தபடி அவளைத் தாண்டிப் போனது. விளக்கெல்லாம் சிமிட்டவில்லை.

கடைசி மேடு ஒன்று பாக்கி. அதன் உச்சியில் வீடு. அந்த மேட்டில் நிற்கவே கூடாது என்பது குளிர்காலம் முழுக்க அவள் காத்துவந்த சட்டம். ஓட்டத்தை விடாமல் ஏறினால் ஏறிவிடலாம், நின்றால் நின்றதுதான். கீழேயே கொஞ்சம் வேகம் சேர்த்துக்கொண்டு ஏறினாள். பாதி மேட்டில், முன்னால் தெரிந்த லாரியின் சிவப்பு விளக்கு இரண்டும் சட்டென்று பளிச்சிட்டன. பிறகு ஒன்று மேலே போயிற்று, ஒன்று கீழே போயிற்று. பிறகு இரண்டும் இல்லை.

பிரேக் போட்டிருக்கிறான். கிளம்புவதற்குத்தான் நாலு சக்கரம் உதவும். நிற்பதற்கு எல்லா வண்டிக்கும் ஒரே ஐஸ்தான்.

நேராகப் போய்விடலாம். வீடு இதோ இருக்கிறது. டிராக்டரை எடுத்துக்கொண்டு திரும்பி வரலாம். ஆனால் அதற்குள் பள்ளத்தில் கிடக்கிற லாரி மேல் பனி மூடிவிடும். புகைக்குழாய் அடைத்துக்கொண்டால் விஷப் புகை உள்ளே திரும்பி ஆளைக் கொன்றுவிடும் என்று அந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தலையை எங்காவது இடித்துக்கொண்டிருந்தால்? தொமோயேவின் கால் ஒரு மூச்சு நேரம் ஆக்ஸிலரேட்டரிலேயே இருந்தது. 'போச்சு' என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அவள் மேட்டில் நிறுத்தினாள்.

அபாய விளக்கைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள். லாரி சாலையோரப் பனியில் சாய்ந்து, ஒரு பக்கச் சக்கரங்கள் ஆகாயத்தில் நின்றன. ஜன்னல் வழியாக யசுதாகாவின் தலை வெளியே வந்தது. கையில் இன்னும் பாதி பன்.

"அடி பட்டுதா?"

"இல்ல."

"எஞ்சினை நிறுத்துண்ணா."

நிறுத்தினான். இறங்கி வந்து தன் லாரியைப் பார்த்தான். பிறகு அவள் வண்டியைப் பார்த்தான். அது மேட்டில் அசையாமல் நின்றது. தொமோயே உள்ளே உட்கார்ந்து மெல்லக் கிளப்பிப் பார்த்தாள். பின்சக்கரம் இரண்டும் விர்ரென்று சுற்றின. வண்டி பக்கவாட்டில் நெளிந்தது. மேலே ஒரு அடிகூடப் போகவில்லை.

யசுதாகாவின் முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. "மாட்டிக்கிட்டியா? இனி கயிறுதான்!" லாரிக்குள் கையை விட்டுக் கயிற்றை இழுத்து எடுத்தான். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு முனையை எதில் கட்டுவது என்று திரும்பினான். அவனுடைய லாரிச் சக்கரம் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கயிற்றைத் திரும்பச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டான்.

"அண்ணா" என்றாள் தொமோயே. இந்தத் தடவை பதில் குளியலறை வரைக்கும் காத்திருக்கவில்லை. "கிழங்கு உறைஞ்சிடும். என் டிக்கியில போடு."

"உன் டிக்கியில எத்தனை பிடிக்கும்?"

"ரெண்டு. மிச்சம் ரெண்டு உன் மடியில."

"என் மடியிலயா?"

"கயித்துக்குப் போட்ட மாதிரி பெல்ட்டை நீயும் போட்டுக்கோ."

மூட்டைகள் டிக்கியில் இறங்கியதும் வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. யசுதாகா உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். மடியில் ஒரு மூட்டை, அதன் மேல் இன்னொன்று, முகமே தெரியவில்லை. தொமோயே வண்டியைக் கொஞ்சம் பின்னால் இறக்கினாள். சக்கரத்துக்கு முன்னால் பனியை மிதித்துத் தட்டையாக்கிவிட்டு வந்து, இரண்டாவது கியரில் கிளட்ச்சைப் பூப்போல விட்டாள்.

சக்கரம் ஒரு தடவை யோசித்தது. பிறகு கவ்வியது.

"போகுது!" என்றது மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "ஏய், போகுது! ஐயோ, பின்னால வழுக்குது! பிரேக், பிரேக்!"

"பிரேக் போட்டவன்தான் பள்ளத்துல கிடந்தான்" என்றாள் அவள். பின்பக்கம் விலகியது. ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். வந்து சேர்ந்துகொண்டது. தொமோயே வாய்விட்டுச் சிரித்தாள். மூட்டையின் ஓரத்திலிருந்து ஒரு கண் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"நீ இப்படிச் சிரிப்பியா?"

"முன்னால இருக்கிற ரெண்டு சக்கரம் எதுக்குன்னு கேட்டியே. திருப்பறதுக்கு அண்ணா. அததுக்கு ஒரு வேலை."

உச்சியில் முராகோஷி அக்கா மண்வாரியோடு நின்றிருந்தாள். காற்று அங்கே கொஞ்சம் தணிந்திருந்தது. மஞ்சள் வண்டி கொட்டகைக்குள் நுழைவதையும், அதிலிருந்து முதலில் ஒரு மூட்டை, பிறகு இன்னொரு மூட்டை, பிறகு யசுதாகா இறங்குவதையும் அவள் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"லாரி எங்கப்பா?"

அவன் மேட்டின் பக்கம் மோவாயைக் காட்டினான்.

"அப்ப யாரு யாரை இழுத்தது?"

தொமோயே கிழங்கு மூட்டையைக் கம்பளியால் மூடிக்கொண்டிருந்தாள். "யாரும் யாரையும் இழுக்கல அக்கா" என்றாள். "கயிறே கட்டல."

"சாட்சி நான். இன்னும் டயர் கழற்ற ஒரு மாசம் இருக்கு, ஆனா இதுக்கு மேல என்ன இருக்கு யசு?"

 யசுதாகா, தொமோயேவின் பாதியில் குளிர்காலம் முழுக்க நின்றிருந்த பனி ஊதும் மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்த் தன் பக்கத்துச் சுவரோரம் நிறுத்தினான். அது நின்ற இடத்தைத் துடைப்பத்தால் ஒரு தடவை பெருக்கியும் விட்டான். பிறகு கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு டிராக்டரில் ஏறினான், தன் லாரியைக் கட்டி இழுத்து வர. டிராக்டர் உறுமிக்கொண்டு வாசலைத் தாண்டியது. சாலைக்கு இறங்குகிற இடத்தில், அதன் பின்னால் இருந்த மஞ்சள் அபாய விளக்குகள் ஒரு தடவை சிமிட்டின. இன்னொரு தடவை சிமிட்டின. அப்புறம் யசுதாகா பனிக்குள் போய்விட்டான்.