ஓட்டுநருடன் பேச வேண்டாம்

பேசித் தீர்த்துக்கொள்வதற்கு அவர்கள் இருவரும் போகாத இடமில்லை. அவள் வீட்டில் பேசினார்கள். சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டார் டிவியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். காபிக் கடையில் பேசினார்கள். காபி ஆறுவதற்குள் அவன் எழுந்து போய்விட்டான். போனில் பேசினால் முதல் வாக்கியம் முடிவதற்குள் யாராவது ஒருவர் வைத்துவிடுவார்கள். நடுவில் இருந்து பேசிவைக்கும் ஆலோசகர் அம்மாவே அலுத்துப்போய், "அடுத்த வாரம் வரும்போது ரெண்டு பேரும் ஒரு முடிவோட வாங்க. இல்லைன்னா கோர்ட்டு பாத்துக்கட்டும்" என்று கையை விரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அவனிடமிருந்து செய்தி வந்தது: நீ ஓட்டுற பஸ்ஸிலேயே வர்றேன், பேசலாம்.

அவளுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஊரைச் சுற்றி வரும் வட்டப் பாதை பஸ் அவளுடையது. இருக்கைக்குப் பக்கத்துத் தடுப்பில் 'ஓட்டுநருடன் பேச வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கும். வண்டி நிற்கும்போது மட்டும்தான் பேச்சு. பிடிக்காத பேச்சு வந்தால் கதவை மூடி வண்டியை எடுத்துவிடலாம். குடும்பம் நடத்திய காலத்தில் இப்படி ஒரு வசதி இருந்திருந்தால் விவாகரத்தே தேவைப்பட்டிருக்காது.

மதிய நேரத்துக் கூட்டத்தோடு கூட்டமாக ஏறி, அவளுக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையில் வந்து உட்கார்ந்தான். அவன் டைல்ஸ் பதிக்கிறவன். அவள் போனில் அவன் பெயரும் இப்போது 'டைல்ஸ்' என்றுதான் இருக்கிறது. கல்யாணத்தின்போது 'நீங்க' என்று இருந்தவன், விவாகரத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே 'நீ' ஆகிவிட்டான். மிச்சம் இருப்பது மகள் பட்டாணி ஒருத்திதான். ஒன்பது வயது. வாரத்தில் ஐந்து ராத்திரி அம்மாவிடம், வெள்ளியும் சனியும் அப்பாவிடம். பிள்ளைச் செலவுக்கென்று மாதாமாதம் அவன் இவளுக்கு ஒரு தொகை அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. கொஞ்ச நாளாக அதில் பாதிதான் வருகிறது.

"இந்த மாசமும் பாதிதான் வந்திருக்கு" என்றாள், முதல் சிக்னலில், கண்ணாடியைப் பார்த்தபடி.

"பாதிதான் முடியும். இனிமே அவ்வளவுதான்."

"ஏன்?"

பச்சை விழுந்துவிட்டது. அடுத்த நிறுத்தம் வரும்வரை அவள் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"ஏன்னு கேட்டேன்."

"ரெண்டு ராத்திரி என்கிட்ட இருக்கால்ல? சோறு, துணி, சோப்பு எல்லாம் நான்தானே பாக்குறேன். அதையும் கழிக்கணும்ல?"

"சோப்பா? ரெண்டு ராத்திரியில எவ்வளவு சோப்பு கரையும்? யானையையா குளிப்பாட்டுறே?"

எதிர் இருக்கையில் நர்ஸ் உடையில் இருந்த ஒருத்தி சிரித்துவிட்டாள். சிரித்த உரிமையில் பேச்சிலும் கலந்துகொண்டாள். "ஜீவனாம்சமாம்மா?"

ஓட்டுநருக்குச் சுருக்கென்றது. "எனக்கு இல்லீங்க. என் சோறு என் சம்பளத்துல. இது புள்ளையோட பணம். புள்ளை எந்த வீட்டுல அதிகம் தூங்குதோ அந்த வீட்டுக்குப் போற பணம். அவ்வளவுதான் கணக்கு."

"அவர் சொல்றதுலயும் ஒரு நியாயம்..."

அவள் கதவை மூடி வண்டியை எடுத்தாள்.

அவளுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. டிப்போவில் ஷிப்ட் போடுகிறவர் ஒரு மாதமாக அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறார். சாயங்கால ஷிப்டுக்கு ஆள் இல்லை, படிப் பணமும் கூடுதல், வருகிறாயா என்று. அவளும் ஒரு மாதமாகச் சாக்குச் சொல்லித் தப்பித்துவருகிறாள். அந்தப் பாதிப் பணம் வராமல் போனால் சாக்குச் சொல்ல முடியாது, வீட்டு வாடகைக்கே கையைக் கடிக்கும். சாயங்கால ஷிப்ட் போனால், அவள் வீடு திரும்பும்போது பட்டாணி தூங்கியிருப்பாள்.

சாயங்காலம்தான் அவளுக்கு எல்லாம். முகத்தைப் பார்த்து, "இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல என்ன?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பதற்கு மேல் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு சொல் பெயராது. இவள் திரும்பி நின்று வெங்காயம் உரிக்க ஆரம்பித்தால் போதும், முதுகுக்குப் பின்னால் மொத்தப் பள்ளிக்கூடமும் ஊர்வலம் வரும். யார் யாரோடு டூ விட்டாள், எந்த டீச்சர் எதற்குக் கத்தினார், யார் வாந்தி எடுத்தான். அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தை விற்க அவளுக்கு மனசில்லை. அதற்காகத்தான் இந்தச் சண்டை. அதை அவனிடம் சொன்னால் இளகிப்போனதாக ஆகிவிடும் என்று சோப்புக் கணக்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"யாரையாவது பாத்து வச்சிருக்கியா? அங்கேதான் பணம் போகுதா?" என்று ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் கேட்டாள்.

"உனக்குப் புத்தி அங்கேதானே போகும்."

"பின்னே வேற எங்கே போகுது?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? பாதி. அவ்வளவுதான்." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நர்ஸ் இறங்கவேண்டிய இடம் அதுதான். கதை பாதியில் நிற்கிறதே என்ற குறையோடு இறங்கிப் போனாள்.

ரயில் நிலையத்துக்கு வெளியே வண்டி சற்று நேரம் நிற்கும். தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று அவன் எழுந்தான். அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வழக்கம்போல வாசல் கண்ணாடியைப் பார்த்தாள்.

இறங்குகிறவர்களைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள் அவள். குடித்தவர்கள் படியை முறைப்பார்கள். வயிற்றில் பிள்ளை இருப்பதை யாரிடமும் சொல்லாதவர்கள் கையால் அல்ல, முழங்கையால் கம்பியைப் பிடிப்பார்கள். இவன் இரண்டு கையாலும் கம்பியைப் பற்றிக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலை இறக்கி, நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து, மற்றக் காலைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான். தரையைத் தொட்டதும் யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் ஒரு பார்வை. பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தான். டைல்ஸ் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறிய ஆள்.



தண்ணீர் பாட்டிலோடு வந்தவன் ஏறவில்லை. போனைப் பார்ப்பதுபோல ஒதுங்கி நின்று, எல்லோரும் ஏறட்டும் என்று காத்திருந்தான். கடைசி ஆளும் ஏறியாயிற்று. அவள் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய்ப் பொத்தானை அமுக்கியது. தள்ளுவண்டிக் குழந்தைகளுக்கும் தள்ளாத வயதுக்காரர்களுக்கும் செய்வதுபோல், பஸ் பெருமூச்சு விட்டபடி நடைபாதைப் பக்கம் சாய்ந்து படியைத் தாழ்த்திக் கொடுத்தது.

அவன் படியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"யாருக்கு இறக்குனே?"

"உனக்குத்தான். ஏறு."

"நான் என்ன கிழவனா?"

"ஏறு, நேரமாச்சு."

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, விறுக்கென்று திரும்பினான். அந்த விறுக்கிலேயே கால் மடங்கிவிட்டது. நிறுத்தத்துப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உள்ளேயிருந்து யாரோ, "போலாமாம்மா?" என்றார்கள். அவளுக்கு இறங்கிப்போய் இரண்டு வார்த்தை கேட்கவேண்டும்போல இருந்தது. வண்டியை அப்படி நிறுத்திவிட்டு இறங்க முடியாது. எடுத்துவிட்டாள்.

அந்த ஒரு சுற்று அவள் எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே வெளிச்சம். முதலில் கோபம்தான் வந்தது. முட்டி போனதை மறைத்துவிட்டு என்னிடம் சோப்புக் கணக்குச் சொன்னானா? கொஞ்ச தூரம் போனதும் வேறொரு நினைப்பு, அழைக்காமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. ஆலோசகர் அம்மாவிடம் ஒரு வார்த்தை போட்டால் போதும்: இந்த ஆளால் ஒரு படி இறங்க முடியவில்லை, பிள்ளையை நம்பி எப்படி விடுவது? அந்த இரண்டு ராத்திரியும் தன் பக்கம் வந்துவிடும். அந்த நினைப்பு இனிக்கவும் செய்தது. தான் அவ்வளவு கெட்டவளா என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் இனிக்க விட்டாள்.

ஆனால் கணக்கு வேறு பக்கம் இழுத்தது. மண்டியிட முடியாதவன் டைல்ஸ் பதிக்க முடியாது. டைல்ஸ் பதிக்காதவனிடமிருந்து பணம் வராது. கோர்ட்டு சொன்னாலும் வராது. அப்படியானால் சாயங்கால ஷிப்ட். அப்போது பட்டாணியை யார் பார்ப்பது? குறுக்கே வந்த ஸ்கூட்டர்காரனுக்கு அவள் அடித்த ஹாரனில் பஸ்ஸுக்கே தூக்கிவாரிப் போட்டது.

திரும்ப ரயில் நிலையத்துக்கு வந்தபோது அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எங்கே போவான்? கதவைத் திறந்தாள். அவன் எழுந்து, கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு காலாக ஏறினான். பின்னால் நின்றவர்கள் பொறுமையாக நின்றார்கள். அவள் திரும்பாமல் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நாளா?" என்றாள், அவன் உட்கார்ந்ததும்.

"ஆறேழு மாசம். ரெண்டு முட்டியும். இனிமே மண்டி போட்டா நடக்கவே முடியாதுன்னுட்டாரு டாக்டர். டைல்ஸ் கடையில கல்லாவுல உக்காந்திருக்கேன். மதியத்தோட முடிஞ்சிடும். சம்பளமும் அதுக்குத் தக்கன."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

அவன் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டான். "சொன்னா ஆலோசகர் அம்மா எழுதிடுவாங்க, இவரால புள்ளையைப் பாத்துக்க முடியாதுன்னு. இருக்கிறதே ரெண்டு ராத்திரி. அதையும் புடுங்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

சற்று முன்பு அவள் வாயில் இனித்தது எதுவோ அதைத்தான் அவன் சொன்னான்.

அடுத்த சிக்னலில் சிவப்பு நீண்ட நேரம் நின்றது. அவள் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு வாய் திறந்தாள்.

"நான் சாயங்கால ஷிப்டுக்குப் போறேன். மதியத்தோட உன் வேலை முடிஞ்சிடுதுல்ல? பள்ளிக்கூடம் விட்டதும் உன் வீட்டுக்கு வரட்டும். அஞ்சு ராத்திரியும் அங்கேயே தூங்கட்டும். வெள்ளிக்கிழமை நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"விளையாடுறியா?"

"என் மூஞ்சியப் பாத்தா விளையாடுற மாதிரியா இருக்கு?"

அவனுக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. "அஞ்சு ராத்திரியா?" என்றான். ஆசையை மறைக்கத் தெரியாத குரல். அது அவள் முதுகில் வந்து விழுந்தது.

"அஞ்சு ராத்திரி. அப்போ பணம் நான்தான் உனக்கு அனுப்பணும்."

"ஐயையோ, வேண்டாம். உன்கிட்ட கைநீட்டி வாங்கித் திங்கிற அளவுக்கு நான்..."

"உனக்கு யார் கொடுக்கிறா? புள்ளைக்கு." நர்ஸிடம் மதியம் அவ்வளவு ஜோராகச் சொன்ன அதே கணக்கு இப்போது வாயில் கசந்தது.

அதற்குப் பிறகு நடந்த பேரத்தைக் கேட்டிருந்தால் ஆலோசகர் அம்மா தலையில் கை வைத்திருப்பார். அவள் ஒரு தொகை சொன்னாள். அவன் அதில் பாதி போதும் என்றான். அவள் கூட்டினாள், அவன் குறைத்தான். ரெண்டு ராத்திரிச் சோப்பைக் கழித்துக்கொள் என்றான். ஒரு நிறுத்தத்தில் கத்திக்கொண்டார்கள். ஏறியவர்கள் பயந்து பின்னால் போய் உட்கார்ந்தார்கள். கடைசியில், அவன் இறங்க வேண்டிய இடத்துக்கு முந்தின சிக்னலில், ஒரு தொகையில் வந்து நின்றார்கள். இரண்டு பேருக்கும் திருப்தியில்லாத தொகை. அதனால் அது சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"பட்டாணிகிட்ட யார் சொல்றது?" என்றான் எழுந்துகொண்டே.

"நான் சொல்லிக்கிறேன். நீ பாத்து இறங்கு."

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையை வீசிவிட்டு, காலை ஆட்டியபடி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் தின்றுகொண்டிருந்தாள். இவள் எதிரே போய் உட்கார்ந்தாள். அப்பாவுக்கு முட்டி சரியில்லை என்பதைச் சொன்னாள். அம்மாவுக்கு வேலை நேரம் மாறுகிறது என்பதைச் சொன்னாள். அழுவாள், அடம்பிடிப்பாள், போகமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்பாள் என்று எதிர்பார்த்து, அதற்கெல்லாம் பதிலும் தயாராக வைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால், அழட்டும் என்று ஒரு மூலையில் ஆசையும் இருந்தது.

பட்டாணி ஆரஞ்சு விதையைத் துப்பினாள். "அப்போ தினமும் அப்பா வீட்டுலயா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும்."

"பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்பா இருப்பாரா?"

"இருப்பாரு."

அந்த முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். எதிரில் உட்கார்ந்திருந்ததால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சந்தோஷமாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது. இதுதான் நல்லது, இதற்காகத்தானே பேசினோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பழத்தோலைப் பொறுக்கித் தட்டில் போட்டாள்.

மகள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். எல்லாவற்றையும் மனசுக்குள் அடுக்கி, யார் யாருக்கு எந்தெந்த நாள் என்று சரிபார்க்கிற மாதிரி இருந்தது.

"அப்போ இனிமே சனி, ஞாயிறுக்கு நீயா?"

"ஆமா."

"சரி" என்றாள் பட்டாணி. எப்போதும் அப்பாவிடம் கேட்கிற குரலில், கண்ணை விரித்துக்கொண்டு கேட்டாள்: "இந்த சனிக்கிழமை என்னை எங்கே கூட்டிட்டுப் போவே?"

இத்தனை வருஷம் வெங்காயம் உரித்து, தலை பின்னி, கணக்குப் போட்டுக் கொடுத்தவளுக்கு உடனே ஒரு இடமும் தோன்றவில்லை.