நெற்றியில் மூன்று

எங்கள் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டருக்குக் கடப்பாரை என்று பெயர். வைத்தவர்கள் நோயாளிகள், பரப்பியவர்கள் நாங்கள். அவர் காதில் விழாமலா இருக்கும்? ஒருநாள்கூட அதைப் பற்றிக் கேட்டதில்லை.

போர் தொடங்கிய முதல் மாதம் அவர் அப்படி இல்லை. இரண்டு கையும் போன ஒரு தச்சரின் தலைமாட்டில் உட்கார்ந்து, வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஓவென்று அழுதார். மறுநாள் சின்ன நர்சுகள் எட்டுப் பேர் வேலைக்கு வரவில்லை. "அழுதது நான் ஒருத்தி. ஓடினது எட்டுப் பேர்," என்று பிறகு என்னிடம் சொன்னார். அதற்கப்புறம் அவர் கண் கலங்கி யாரும் பார்த்ததில்லை.

நான் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் அறையில் கத்தி, கத்தரிகளைக் கொதிக்கவைத்து அடுக்கி வைப்பது என் வேலை. துணி அறைச் சாவியும் என்னிடம்தான். வாரத்தில் இரண்டு தடவையாவது சிஸ்டர் வந்து நிற்பார். "மூணு நிமிஷம். மணி பாத்துக்கோ. ஒருத்தியையும் உள்ள விடாதே." மடித்த போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குவார். மூன்று நிமிடம் முடிந்ததும் கதவைத் தட்டுவேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, யாரையாவது திட்டியபடியே வெளியே போவார். யார் மாட்டுகிறார்களோ அது அவர்கள் தலையெழுத்து.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஆபரேஷன் மேசை, ஒரே ஒரு டாக்டர். பெரிய டாக்டர் என்போம், வயது முப்பத்திரண்டுதான். அவருக்கு மேலே இருந்தவர்கள் எல்லாம் பத்திரமான ஊர்களுக்குக் கம்பி நீட்டிவிட்டதால் பெரியவர் ஆனவர். காயம்பட்டவர்கள் வந்ததும் சிஸ்டர் ஒவ்வொருவரையும் பார்ப்பார். உயிருக்கு எவ்வளவு அவசரமோ அதன்படி மார்க்கர் பேனாவால் நெற்றியில் எண் போடுவார். அந்த எண்ணை மாற்ற எவராலும் முடியாது. வேண்டியவன், வேண்டாதவன் என்கிற பேச்சே கிடையாது.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு கமாண்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே அவருடைய மச்சான். மச்சானுக்கு இடது கைச் சுண்டுவிரல் கிழிந்திருந்தது. ஏதோ பெட்டியை இறக்கும்போது நசுங்கியதாம். சிஸ்டர் விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மச்சானின் நெற்றியில் பத்தொன்பது என்று எழுதினார்.

கமாண்டர் இடுப்பிலிருந்த துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தார். சத்தமில்லாமல்தான் வைத்தார்.

"இப்பதான் ஸ்பிரிட் போட்டுத் துடைச்ச மேசை. அதை எடுங்க," என்றார் சிஸ்டர்.

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும். இவரோட மச்சான். எனக்கும்தான் ஒரு தம்பி இருக்கான், இந்த ஆஸ்பத்திரியிலயே ஆம்புலன்ஸ் ஓட்டறான். அவனே வந்து படுத்தாலும் வரிசைதான். பெஞ்சு அங்க இருக்கு."

நடைபாதை முழுக்கக் கேட்டது. முதுகுக்குப் பின்னால் சிஸ்டர் மார்க்கர் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்ததை, பின்னால் நின்ற நான் மட்டும் பார்த்தேன். கமாண்டர் துப்பாக்கியை எடுத்துச் சொருகிக்கொண்டார். மச்சான் ஏற்கெனவே பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தார்.

சொன்ன வாய் மூடி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

பேருந்து நிலையத்தில் குண்டு விழுந்தது. முதல் நடையில் சிஸ்டரின் தம்பி ஆறு பேரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் போனான். அவனை ஹாரன் என்போம். ஊர் அடங்கிக் கிடக்கிற நேரத்திலும் ஹாரன் அடிக்காமல் ஒரு முக்குத் திரும்ப மாட்டான். அங்கே இன்னொரு குண்டு விழுந்ததாம், இரண்டாம் நடைக்கு அவன் வண்டி வரவில்லை. வேறொருவரின் காய்கறி வண்டியில் அவனைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வலது முழங்காலுக்குக் கீழே எல்லாம் நசுங்கிப்போயிருந்தது. தொடையில் பெல்ட்டை இறுக்கிக் கட்டி, யாரோ புண்ணியவான் கட்டிய நேரத்தையும் கையில் எழுதிவிட்டிருந்தான். பத்து ஐம்பது.

அவனோடு அதே வண்டியில் இன்னும் இரண்டு பேர். வயிற்றில் இரும்புத் துண்டு பாய்ந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர். நெஞ்சில் அடிபட்டு மூச்சுக்குத் திணறிய ஒரு பால்காரர்.

கமாண்டர் பெஞ்சிலிருந்து எழுந்து முன்னால் வந்து நின்றார். "இப்ப பாக்கலாம்," என்றார், மச்சானிடம் சொல்வதுபோல.

சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட்டார். "நீங்க பாத்துச் சொல்லுங்க. இன்னிக்கு என் கண்ணை நான் நம்பமாட்டேன்."

டாக்டர் மூவரையும் பார்த்தார். சிஸ்டரை ஓரமாக அழைத்துப்போய்த் தணிந்த குரலில் பேசினார். "தம்பியை இப்பவே எடுத்தா காலைக் காப்பாத்திப் பாக்கலாம். நேரம் போச்சுன்னா முடியாது."

"அந்த டீச்சரம்மா?"

"உள்ள ரத்தம் போயிட்டிருக்கு. காத்திருந்தா..."

"பால்காரர்?"

"அவரும் அப்படித்தான். நெஞ்சுக்குள்ள ஒரு குழாயைப் போட்டுட்டு வரேன். கொஞ்ச நேரம் தாங்கும்."

"என் தம்பி உயிருக்கு?"

"உயிருக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். கால்தான்."

"அப்போ கேள்வியே இல்ல," என்றார் சிஸ்டர்.

முதல் நடையில் வந்த ஆறு பேருக்கும் காத்திருக்கக்கூடிய காயம்தான். டீச்சரின் நெற்றியில் ஒன்று. பால்காரருக்கு இரண்டு. தம்பியின் முகமெல்லாம் புழுதி, மார்க்கர் பிடிக்கவில்லை. ஈரப் பஞ்சால் அவன் நெற்றியைத் துடைத்தார். தேவைக்கு மேல் ஒரு தடவை துடைத்தார் என்று எனக்குத் தோன்றியது.

"எத்தனைக்கா?"

"மூணு."

"பள்ளிக்கூடத்துலகூட நான் மூணாவது வந்ததில்ல," என்றான் அவன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னான். "அழுத்தி எழுதாத. ஏற்கெனவே கால் வலிக்குது."

டீச்சருக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. பிழைத்தார். டாக்டர் கையுறையைக் கழற்றும்போது மறுபடியும் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் போய்ப் பால்காரரின் உதட்டைப் பார்த்தார், நீலம் பாய்ந்திருந்தது. "ரெண்டு," என்றார். முக்கால் மணி நேரம் போராடியும் பால்காரர் மேசையிலேயே போய்விட்டார். தம்பியை உள்ளே எடுத்தபோது மணி இரண்டு. காலை எடுக்க வேண்டியதாயிற்று.

அறுவைக்கு வேண்டியதையெல்லாம் சிஸ்டரே நின்று எடுத்துக்கொடுத்தார். வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதற்கு, "எங்க இருக்காங்க வேற ஆளு?" என்றார். எல்லாம் முடிந்ததும் துணி அறைக்கு வந்தார். நிமிடக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. நானும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. போர்வையின் ஓரம் பல் பட்டுக் கிழியும் சத்தம் வெளியே எனக்குக் கேட்டது.

கமாண்டரின் மச்சானுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் நான்கு தையல் போட்டோம். அதுவரை இருவரும் வரிசையில்தான் காத்திருந்தார்கள். போகும்போது கமாண்டர் சிஸ்டருக்கு எதிரே ஒரு கணம் நின்றார். பிறகு மச்சானைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அதற்குப் பிறகு, இவரை முதலில் பாருங்கள் என்கிற சிபாரிசுக் கடிதம் எதுவும் எங்களுக்கு வரவில்லை.

மறுநாள் காலை சிஸ்டரின் அம்மா வந்தார். ஒல்லியான உடம்பு, பெரிய குரல். மகனின் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"உன் கையாலயே அவன் தலையில எழுதினியாமே?"

"ஆமா."

"யாரோ ஒரு பால்காரனுக்காகவா? அவனும் செத்துட்டான். செத்தவனுக்காக என் புள்ளை காலை வெட்டிட்டியேடி."

"சாவான்னு தெரிஞ்சு யாரையும் மேசையில ஏத்தறதில்லம்மா."

"கல்லுடி நீ. உன் வயித்துல ஒண்ணு பொறந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

இருபது கட்டில்களும் கேட்டுக்கொண்டிருந்தன. சிஸ்டரின் குரல் ஏறவில்லை.

"கல்லுதான். கல்லா இருக்கப்போய்த்தான் அந்த டீச்சரோட ரெண்டு புள்ளைங்களும் இன்னிக்குக் காலைல அம்மாவைப் பாத்துட்டுப் போச்சு. திட்டணும்னா நல்லாத் திட்டு. ஆனா பார்வை நேரம் அஞ்சு மணிக்கு முடியுது. அதுக்குள்ள திட்டி முடி."

அம்மா ஐந்து மணிக்குப் போகவில்லை. மகனுக்குத் துணையாக அங்கேயே தங்கிவிட்டார். மகளிடம் மட்டும் பேச்சு இல்லை. சிஸ்டர் மாத்திரை கொண்டுவந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். சிஸ்டரும் அவரை, "நோயாளியோட ஆளு, கொஞ்சம் நகருங்க," என்றுதான் சொல்வார். நடுவில் கிடந்த ஹாரனுக்குத்தான் திண்டாட்டம்.

நான்காம் நாள் அவன் கேட்டான். "அக்கா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா?"

"மூணுதான்," என்றார் சிஸ்டர், கட்டுப் பிரித்துக்கொண்டே.

"தெரியும். சும்மா கேட்டேன்." புதுக் கட்டுப் போட்டு முடிந்ததும், "ராத்திரியில இல்லாத கால் அரிக்குதுக்கா. கோவம் வருது. உன்மேலயும் வருது," என்றான்.

"வரட்டும். வெச்சுக்காத, சொல்லிடு."

பதினோராம் நாள் புதிதாக ஒரு கூட்டம் வந்தது. ஒரு பெண் தன் கணவனின் நெற்றியில் ஒன்பது என்று எழுதியதைப் பார்த்துக் கொதித்தாள். எண்ணை மாற்றச் சொல்லிக் கெஞ்சினாள், பிறகு ஏசினாள். சிஸ்டர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். அந்தப் பெண் வார்டு வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஈவு இரக்கம் இல்லாத ஜென்மம். கூடப் பொறந்தவன் காலையே வாங்கினவளாமே," என்றாள்.

கட்டிலருகே உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தார். நேராக வாசலுக்குப் போனார்.

"அவ என் பொண்ணு. அவளைத் திட்டறதுக்கு இந்தக் கட்டடத்துல எனக்கும் என் புள்ளைக்கும்தான் பாத்தியதை. உன் வீட்டுக்காரர் தாங்குவார், அதான் ஒன்பது. தாங்கலைன்னா அவளே ஓடி வருவா. வா, வந்து உட்காரு. தண்ணி குடிச்சியா?"

அந்தப் பெண் அழத் தொடங்கினாள். அம்மா அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

நடைபாதையின் அந்தக் கோடியில் குனிந்து ஒருவரின் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் நிமிரவில்லை. காதில் விழுந்ததென்று எனக்குத் தெரியும். துணி அறைச் சாவியை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அவர் வரவில்லை. "அங்க என்ன வேடிக்கை? சலைன் பாட்டில் எங்க? நாலு தடவை கேக்கணுமா?" என்று என்னைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சத்தம். சலைனைப் பற்றி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன்.