ஒரு கீறலும் இல்லை

லொறி பிரண்ட செய்தி வட்டக்கச்சிக்கு வந்தபோது கமலாசனி முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். அவள் புருசன் யோகலிங்கமும் பக்கத்துக் காணிக்காரர் அப்புத்துரையும் பளைக்குத் தென்னம்பிள்ளை வாங்கப் போயிருந்தார்கள். திரும்பி வரும்போது, வவுனியாவுக்குத் தேங்காய் ஏற்றிப்போன லொறி ஒன்றை மறித்து, மூட்டைகளுக்கு மேலே ஏறி இருந்திருக்கிறார்கள். பரந்தன் தாண்டியதும் முன் ரயர் வெடித்து லொறி றோட்டோரப் பள்ளத்துக்குள் சரிந்துவிட்டது.

செய்தி கொண்டுவந்தவன் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னான்.

"அப்புத்துரையண்ணைக்குத் தொடை முறிஞ்சு போச்சு. லொறிக்காரருக்கு நெஞ்சிலை நல்ல அடி. உங்கடை ஆளுக்கு ஒரு கீறலும் இல்லை, அக்கா. அவர்தான் மூட்டையளைத் தள்ளி அண்ணையை வெளியிலை எடுத்தவராம்."

கமலாசனி அடுப்பு எரிந்தபடி கிடக்க வாசலுக்கு ஓடினாள். பொழுது சாயும் நேரம் யோகலிங்கம் நடந்தே வந்தான். சட்டை கிழிந்திருந்தது. கையில் ஒரேயொரு தென்னம்பிள்ளை. அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். வலது காதுக்குப் பின்னால் பாக்களவில் ஒரு வீக்கம் இருந்ததே தவிர வேறொன்றுமில்லை. சோறு தின்றதும் சத்தி எடுத்தான். பயந்த கோளாறு என்று அவளே சொல்லிக்கொண்டாள். பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்குவதாக நேர்ந்துகொண்டு, வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுத்தாள்.

அந்த வாரம் முழுவதும் சனம் அப்புத்துரை வீட்டுக்குத்தான் போனது. அவரை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் விட்டிருந்தார்கள். அவர் மனைவி நாகேஸ்வரியைத் தனியே விடாமல் பெண்கள் முறை வைத்துப் போய் இருந்தார்கள்; முட்டை கொண்டுபோனார்கள், மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார்கள். வழியில் கமலாசனியைக் கண்டால், "உன்ரை தாலி கெட்டி, பிள்ளை" என்றார்கள். அவளும் ஓம் என்று தலையாட்டினாள். அப்போது அவளும் அதை நம்பினாள்.

யோகலிங்கம் பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுகிறவன். கோபம் அவனுக்கு வராது. பக்கத்துக் காணிச் செல்வநாயகத்தின் மாடு இவனுடைய மிளகாய்க் கன்றைத் தின்றபோதுகூட, "அதுக்குப் பசிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனவன். அந்த மனிதன் ஒரு காலை, மகள் அருந்ததி வாய்விட்டு வாய்ப்பாடு பாடமாக்கிக்கொண்டிருக்க, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழும்பி வந்து செம்பைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். பிள்ளை வெலவெலத்துப் போனாள். எறிந்தவனும் தன் கையைப் பார்த்தபடி நின்றான்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சங்கக்கடைக்குப் போனவன் என்ன வாங்க வந்தேன் என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பினான். சொன்னதையே சொன்னான், கேட்டதையே கேட்டான். நடுப்பகலில் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினான். ஒரு நாள் கமலாசனி கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் சோறு அடிப்பிடித்துக் கருகிவிட்டது. குசினி வாசலில்தான் அவன் இருந்தான். "மணக்கேல்லையோ உங்களுக்கு?" என்று கேட்டாள். "என்ன மணம்?" என்றான். வேண்டுமென்றே சொல்கிறான் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

பிறகு, தன் கையால் வளர்த்த நாம்பன் மாட்டை, ஏரில் கொஞ்சம் தயங்கியதற்காகத் தோல் கிழிய அடித்தான். அதைக் கண்டவர்கள், லொறியில் தப்பினவன் கள்ளுத் தவறணையில் விழுந்துவிட்டான் என்று கதைத்தார்கள். கமலாசனி அவன் தூங்கும்போது குனிந்து வாயை மோந்து பார்த்தாள். கள்ளு மணமில்லை. இருந்திருந்தால் நல்லது என்று நினைத்தாள். குடியென்றால் திட்டலாம், மறிக்கலாம், அழலாம்.

மார்கழியில் நாகேஸ்வரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளும் கூடப் போனாள். அப்புத்துரையின் கால் கட்டிலுக்கு மேலே தூக்கிக் கட்டப்பட்டு, ஒரு கயிற்றில் பாரம் தொங்கியது. பக்கத்தில் வாங்குப் பலகையில் ஒருவர், கையால் நெஞ்சைப் பொத்தியபடி இருந்தார். லொறி ஓட்டிய இஸ்ஸதீன் அவர்தான். முல்லைத்தீவு ஆள். சுக்கான் இடித்து விலா எலும்புகள் முறிந்திருந்தன. இன்னும் வண்டி ஓட்டத் தொடங்கவில்லை. தும்மல் வந்தாலே கண்ணீர் வருகிறது என்றார். ஆனாலும் பஸ் ஏறி அப்புத்துரையைப் பார்க்க வந்திருந்தார்.

"யோகலிங்கம் எப்பிடி, பிள்ளை?" அப்புத்துரை கேட்டார். "அவன் இல்லாட்டி நான் அந்த மூட்டையளுக்குக் கீழையே முடிஞ்சிருப்பன்."

நல்லாயிருக்கிறார் என்று சொல்லத்தான் கமலாசனி வாயெடுத்தாள். தொங்கிய பாரத்தையும், கட்டிலடியில் சனம் கொண்டுவந்து வைத்திருந்த தோடம்பழங்களையும் பார்த்ததும் வேறொன்று வந்தது.

"அவருக்கும் காலே முறிஞ்சிருக்கலாம் அண்ணை."

நாகேஸ்வரியின் முகம் சுருங்கியது. "என்ன கதை கதைக்கிறாய்?"

"காலெண்டால் எல்லாருக்கும் தெரியும் அக்கா. எப்ப பொருந்தும், எப்ப நடப்பாரெண்டு கேக்கலாம். என்ரை வீட்டிலை இருக்கிறது ஆரெண்டே எனக்குத் தெரியேல்லை." நாம்பனுக்கு விழுந்த அடியையும் கருகிய சோற்றையும் பிள்ளை தகப்பனுக்குப் பயந்து அடுத்த வீட்டில் படிப்பதையும் ஒன்றுக்குமேல் ஒன்றாகச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் அழுவது அவளுக்குத் தெரிந்தது.

அப்புத்துரை அவள் பக்கம் தலையைத் திருப்பினார்.

"விழுந்த அண்டைக்கே ஏதோ பிழையாய்த்தான் இருந்தது" என்றார். "என்ரை தலையை மடியிலை வைச்சுக்கொண்டு, தென்னம்பிள்ளை எங்கை அண்ணை, தென்னம்பிள்ளை எங்கை அண்ணை எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவன். நான் காட்டுறன், அவன் பாக்கிறான், திரும்பவும் கேக்கிறான். என்ரை நோவிலை நான் அதைப் பெரிசாய் எடுக்கேல்லை."

"நானும் கண்டனான் தங்கச்சி" என்றார் இஸ்ஸதீன். மூச்சு விட்டு மூச்சு விட்டுத்தான் அவரால் பேச முடிந்தது. "லொறி பிரளேக்கை அவர் றோட்டிலை விழுந்து கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தவர். பிறகு ஒண்டும் நடவாத மாதிரி எழும்பி வந்து மூட்டை தள்ளினவர். எழும்பின ஆளை ஆர் பாக்கிறது?"

வாட்டுக்கு வந்த டொக்டர் அப்புத்துரையின் காலைப் பார்த்து முடித்ததும், நாகேஸ்வரிதான் கமலாசனியை முன்னே தள்ளினாள். "இவவின்ரை மனுசனும் அதே லொறியிலை வந்தவர் ஐயா. கேளுங்கோ." டொக்டர் இளவயதுக்காரர். நின்று கேட்டார். கட்டாயம் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

யோகலிங்கம் வர மறுத்தான். பிறகு ஏன் மறுத்தோம் என்பதை மறந்து வந்தான். டொக்டர் அவன் கண்ணுக்கு வெளிச்சம் அடித்துப் பார்த்தார், நேர்கோட்டில் நடக்கவிட்டார். பிறகு கண்ணை மூடச் சொல்லி, மூக்கடியில் ஒரு சிறிய போத்தலைப் பிடித்தார்.

"என்ன இது?"

"ஒண்டுமில்லை, ஐயா."

"நல்லாய் இழுத்துப் பாருங்கோ."

"வெறும் போத்தல்."

கண்ணைத் திறந்தான். போத்தல் நிறையக் கோப்பித்தூள். அதைக் கையில் வாங்கி மூக்கோடு அமத்தி மறுபடி மறுபடி மூச்சை இழுத்தான். கமலாசனி தன் வாழ்நாளில் அவன் முகத்தில் அப்படியொரு பயத்தைக் கண்டதில்லை. கருகிய சோற்றுக்காக அவனைத் திட்டிய திட்டெல்லாம் அவள் நெஞ்சில் வந்து குத்தியது.

மண்டை உடையாமலே உள்ளே மூளை குலுங்கி அடிபட்டிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். இதற்குக் கட்டுப் போட முடியாது. சிலது திரும்பி வரும், சிலது வராது. வெயிலும் சத்தமும் ஆகாது. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். "இது அவரின்ரை குணமில்லை அம்மா. காயம். அதை மட்டும் மறந்துபோகாதேங்கோ."

கமலாசனி மறக்கவில்லை. ஆனால் ஊருக்கு அதை விளங்கப்படுத்த அவளால் முடியவில்லை. தலையில் கட்டில்லை, தழும்பில்லை. ஆள் மரம்போல நிற்கிறான். மூளை குலுங்கினதாம் என்று சொல்லிச் சிரித்தார்கள். பங்குனியில் அவள் நேர்த்திப் பொங்கலைப் பொங்கினாள். சனநெரிசலும் பறைச் சத்தமும் அவனுக்கு ஆகாது என்று தனியாகவே போய் வந்தாள். அதற்கும் ஒரு கதை கட்டினார்கள்.

சிறுபோக நெல் விதைப்பில்தான் பெரிய வில்லங்கம் வந்தது. ஒரு விடியற்காலை யோகலிங்கத்தின் தண்ணீர் முறை. கமலாசனிக்குக் காய்ச்சல், எழும்ப முடியவில்லை. அவன் வாய்க்கால் பலகையைத் தூக்கிவிட்டு வரம்பில் இருந்தவன், வெயில் ஏறியதும் பலகையை இறக்காமலே எழும்பி வீட்டுக்கு வந்து படுத்துவிட்டான். தண்ணீர் அவன் வயலை நிரப்பி, வரம்பை உடைத்து, முதல்நாள்தான் முளைநெல் விதைத்திருந்த செல்வநாயகத்தின் வயலுக்குள் புகுந்து வித்தெல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. செல்வநாயகம் வீட்டு வாசல் படலையடியில் வந்து நின்று சத்தம் போட்டார். அந்தச் சத்தத்துக்கு எழும்பி வந்த யோகலிங்கம் மண்வெட்டியைத் தூக்கினான். கமலாசனி காய்ச்சலோடு ஓடிவந்து இருவருக்கும் நடுவில் விழுந்திராவிட்டால் என்ன நடந்திருக்குமோ தெரியாது.

அடுத்த நாள் தண்ணீர் பார்க்கும் விதானையார் சங்கக்கடை வேம்படியில் ஆட்களைக் கூட்டினார். யோகலிங்கம் தலையைக் குனிந்தபடி நின்றான். கமலாசனி வாய் திறக்கும் முன்னே, "குடிகாரனுக்குத் தண்ணி முறை என்னத்துக்கு?" என்று ஒருவன் சொன்னான்.

அப்போது ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. அப்புத்துரை இறங்கினார். தையில் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் படலை தாண்டியதில்லை. முறிந்த கால் நீளம் குறைந்து பொருந்தியிருந்தது. இரண்டு பக்கமும் கட்டைகளை ஊன்றி, ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்து, கூட்டத்துக்கு நடுவே வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் அவருக்காக எழும்பி இடம்விட்டார்கள்.

அவர் அதில் இருக்கவில்லை.

"எனக்கு எழும்புறியள்" என்றார். "என்ரை காலைக் கண்டபடியாலை எழும்புறியள். இவனும் நானும் ஒரே மூட்டையிலை இருந்துதான் விழுந்தனாங்கள். எனக்குக் காலிலை பட்டது, இவனுக்குத் தலைக்குள்ளை பட்டது. அந்தத் தலையோடைதான் என்னை இழுத்தெடுத்தவன். நீங்கள் முட்டை கொண்டுவந்தது எங்கடை வீட்டுக்கு மட்டுந்தான்."

அவர் செல்வநாயகத்தின் பக்கம் திரும்பினார். "உன்ரை மாடு இவன்ரை மிளகாயைத் திண்டதுக்கு இவன் என்ன சொன்னவன்? நீயே சொல்லு. அந்த ஆள் மண்வெட்டி தூக்கிற ஆளோ?"

செல்வநாயகம் தோளிலிருந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். "வித்து போனது போனதுதான்" என்றார். "ஆனால் இது எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"நான் சொன்னனான், அண்ணை" என்றாள் கமலாசனி மெல்ல. "நீங்கள் சிரிச்சனீங்கள்."

செல்வநாயகம் துவாயைத் திரும்பத் தோளில் போட்டார். விதானையாரிடம், முறையை வெட்ட வேண்டாம், யோகலிங்கத்தின் முறை வரும் நாளில் தானும் வரம்பில் நிற்கிறேன் என்று மட்டும் சொன்னார். கமலாசனி தன் வீட்டு விதைநெல்லில் மிஞ்சியதைக் கொடுத்தாள். வயலைத் திருப்பி விதைத்தபோது யோகலிங்கமும் இறங்கினான். செல்வநாயகம் ஒவ்வொரு வேலையாகச் சொல்ல, அவன் ஒவ்வொன்றாகச் செய்தான். வேலை சுத்தமாக இருந்தது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. மூக்கு திரும்பவில்லை. சில நாள் காரணமில்லாமல் சீறினான். சீற்றம் ஏறுவது தெரிந்தால் தானே எழும்பி வாய்க்கால் கரைக்குப் போய் இருக்கப் பழகிக்கொண்டான். அருந்ததி மெல்ல மெல்லக் கிட்ட வந்தாள்.

ஒரு பின்னேரம் கமலாசனி அவனைத் தேடி வாய்க்கால் கரைக்குப் போனாள். அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பக்கத்தில் குந்தினாள்.

"இஞ்சேரும்" என்றான். "நான் முந்தி எப்பிடி இருந்தனான்?"

நல்லது நல்லதாகச் சொல்லி அவனை நோகடிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"கோபம் வராது உங்களுக்கு" என்றாள். "ஆனால் சரியான சோம்பல். கூரை ஒழுகுதெண்டு சொன்னால், மழை விடட்டும் எண்டுவியள். மழை விட்டால், இப்ப ஒழுகேல்லைத்தானே எண்டுவியள்."

அவன் அதை யோசித்தான்.

"அது நியாயந்தானே" என்றான்.

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை, ஆனால் அவள் சிரித்து முடிக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இன்னும் சொல்லும்" என்றான்.