மடியில் அடக்கிய மூச்சு

போன வருஷம் பாஸ்கா நாடகத்தில் என்னைச் சிலுவையிலிருந்து இறக்கி மாதா மடியில் கிடத்தியபோது, என் வயிறு ஏறி இறங்கியது. அவ்வளவுதான் நடந்தது. செத்த யேசு மூச்சு விடுவதை லோக்கல் கேபிள்காரன் நெருங்கி வந்து படம் பிடித்து, ஈஸ்டர் வரைக்கும் டிவியில் ஓட்டிவிட்டான், பாவி. ராயபுரம் முழுக்க எனக்கு 'ஆஸ்துமா யேசு' என்று பேர் விழுந்தது. ஹார்பரில் என்னோடு மூட்டை தூக்குகிறவர்கள்கூட, "இன்னா சைமனு, மூச்சு வருதா?" என்று கேட்டுவிட்டுத்தான் டீயை நீட்டுவார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கும்.

இந்த வருஷம் வேறு ஆளைப் போடப்போவதாக ஃபாதர் சொன்னார். காலில் விழாத குறையாகக் கெஞ்சி வேஷத்தை வாங்கினேன். போன மானத்தை அதே மேடையில் மீட்டாக வேண்டும். மாதா வேஷம் வழக்கம்போல என் பெண்டாட்டி ஹில்டாவுக்கு.

காசிமேட்டில் விசைப்படகுக்கு அடியில் முங்கி, சிக்கிய வலையை அறுத்து விடுகிறவன் என் தோஸ்து ஸ்டானிஸ்லாஸ். அவனிடம் போய், மூச்சை வேக வேகமாக இழுத்து ஊதிக் காட்டினேன். தலையில் தட்டினான்.

"இன்னாடா இது, சைக்கிளு பம்பு கணக்கா? இப்டி ஊதினா உனுக்கே தெரியாம மயங்கிடுவ. மூக்கால மெதுவா இயு. வயித்துக்கு எறக்கு. இயுத்தத விட ரெண்டு பங்கு நேரம் எடுத்து வெளிய வுடு. தோளு, தாடை எல்லாம் தொளதொளன்னு கெடக்கணும். கடைசி மூச்ச முட்ட முட்ட வாங்காத. நெஞ்சு பொடச்சிகினு கெடந்தா பொணம்னு எவன் நம்புவான்?"

தவக்காலம் முழுக்கப் பாயில் செத்துச் செத்துப் பழகினேன். ஹில்டா மீன் கழுவிக்கொண்டே திட்டுவாள்.

"வெள்ளிக்கெயம செத்தா போதும்யா, தெனம் இன்னாத்துக்கு சாவற? பாக்கவே பேஜாரா கீது."

பெரிய வெள்ளியும் வந்தது. இடிச் சத்தம் போட்டு விளக்கை அணைத்த இருட்டில் மெதுவாக இழுத்து, மெதுவாக விட்டேன். இறக்கினார்கள். கடைசி மூச்சை வாங்கி நிறுத்திக்கொண்டு ஹில்டாவின் மடியில் கிடந்தேன். விளக்கு வந்தது, ஒப்பாரிப் பாட்டு ஆரம்பித்தது. வயிறு துளிகூட அசையவில்லை. கூட்டத்தில் பெண்கள் விசும்புவது கேட்டது. ஆஸ்துமாவாம் ஆஸ்துமா, இப்போது பாருங்கடா!

பாட்டின் நடுவே ஹில்டா குனிந்தாள்.

"யோவ்," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. நான் அசையவில்லை. அவள் விரல் என் மூக்கருகே வந்தது. "யோவ், கேக்குதா? வெரலயாவது ஆட்டுய்யா."

என் கை அவளுடைய முக்காட்டுத் துணிக்கு அடியில்தான் கிடந்தது. ஆட்டியிருந்தால் ஒரு ஈ காக்காய்க்குத் தெரிந்திருக்காது. ஆனால் பாட்டு முடிய ஒரு சரணம்தான் பாக்கி, கேபிள்காரன் வேறு கேமராவோடு கிட்டேயே நின்றான். பதறினால் பதறட்டும் என்று கிடந்தேன்.

பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

"அய்யோ சைமனு! மூச்சு வுடுய்யா! எம்புருசன் செத்துட்டான்யா!"

தலைக்கு மேலே மைக் தொங்கிக்கொண்டிருந்தது. தெருக்கோடி வரைக்கும் மாதா தன் புருஷனுக்காக அலறினாள். நான் கண்ணைத் திறந்தேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

திரை விழுந்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். மானத்தை வாங்கிட்டியேடி என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கையை உதறிக்கொண்டாள். என் நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ரெண்டு தபா கூப்ட்டனேய்யா. காதுல வுழல?"

"வுழல," என்றேன்.

"அப்போ மெய்யாலுமே மயங்கிட்டியா!" என்று ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே திரையை விலக்கிக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க? மனுசன் உசுரு பூட்டு வந்துகீது!"

சிரிப்பு நின்றது. ஃபாதர் ஓடி வந்து என் நெற்றியில் சிலுவை போட்டார். கேபிள்காரன் கேமராவிலிருந்து கேசட்டை உருவி என் கையில் வைத்து, "மன்னிச்சிரு நைனா," என்றான். ஸ்டானிஸ்லாஸ் சோடாவோடு வந்தான். அவன் முகம் செத்திருந்தது.

"நாந்தான் தப்பா சொல்லிக் குட்த்துட்டேன் மாமு. இனிமே எவனுக்கும் சொல்லித் தர மாட்டேன்."

அவன் சொல்லிக் கொடுத்ததில் ஒரு தப்பும் இல்லை. அதையாவது சொல்லியிருக்கலாம். போன வருஷம் ஊரே சிரித்தபோதுகூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டு சோடாவை வாங்கிக் குடித்தேன்.

"மெள்ள குடிய்யா, பொரை ஏறப்போவுது," என்று ஹில்டா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.